இடைவேளையில் கேட்ட தமிழ்

ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நவம்பர் மாதம், ஹைதராபாத் கச்சிபௌலி ஸ்டேடியத்தில் இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் கால்பந்துப் போட்டி. கோப்பை எதுவும் இல்லாத நட்பு ஆட்டம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தது. என் கணவருக்குக் கால்பந்து என்றால் உயிர். எனக்கு அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்தது, பந்தைக் கையால் தொடக்கூடாது என்பது மட்டும்தான்.

நாங்கள் இருப்பது அல்வாலில். நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். என் கணவர் குடும்பம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பல வருடங்கள் இருந்த குடும்பம். அவருக்குத் தமிழ்நாடு என்பது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய் வருகிற இடம். அவர் பேசும் தமிழில் 'ஆமாம்' என்பது 'ஹவ்', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'. கல்யாணமான புதிதில் அவர் "கைக்கு அழற?" என்று கேட்டபோது, கைக்கு என்ன ஆச்சு என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நான். 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மகள் அப்போது இன்டர் முதல் வருடம், நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன், படித்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். எல்லாம் புரியும், ஆனால் வாயில் வராது. "தமிழில் சொல்லுடி" என்று நான் அதட்டுவதும், அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு போவதும் தினமும் நடப்பது. அன்றைக்கும் மேட்சுக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். திரும்பி வரும்போது பிரியாணி வாங்கித் தருவதாக அவள் அப்பா சொன்ன பிறகுதான் காரில் ஏறினாள்.

அல்வாலிலிருந்து கச்சிபௌலி என்றால் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை. போக்குவரத்தில் ஊர்ந்து, வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். கேட்டுக்கு வெளியே மிளகாய் பஜ்ஜி சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவர் ரசித்துச் சாப்பிட்டார். நீல ஜெர்சி போட்டுக்கொண்டு, கன்னத்தில் மூவர்ணம் பூசிக்கொண்டு, நாற்பத்தைந்து வயசு மனிதர் சின்னப் பையன் மாதிரி எனக்கு முன்னால் நடந்து போனார்.

உள்ளே எங்களுக்கு முன்வரிசையில் மஞ்சளும் கறுப்பும் கலந்த ஜெர்சியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மலேசியா ஆதரவாளர்களுக்கு எதிர்ப்பக்கம் தனியாக இடம் இருந்தது. அங்கிருந்து மேளச் சத்தம் கேட்டது. இவர்கள் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்ததால் எங்கள் பக்கம் இடம் கிடைத்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், அவரைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு மனிதர், தலையில் முக்காடு போட்ட அவர் மனைவி. அந்தத் தம்பதி மலாய்க்காரர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. இந்த அம்மாளைப் பார்த்தால் எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர் மாதிரி இருந்தார். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. தோளில் மலேசியக் கொடி.

அவர் போனில் யாரிடமோ, "வந்து சேந்துட்டோம் லா, பயப்படாத" என்று மலேசியர்களுக்கே உரிய அந்த 'லா'வோடு சொன்னது காதில் விழுந்தது. நான் குனிந்து, "நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரிலிருந்து வருவதாகச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டிங்களா?"

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் கல்வெட்டில் இருக்கிற மாதிரி பேசுகிறார்களே என்று என் காதில் சொன்னார். அந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவரும் சிரித்தபடி, அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், காலை டிபனுக்குப் பேரே பசியாறுதல்தான் என்றார். நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டிருக்க, கடல் கடந்து போனவர்கள் இந்தச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எல்லாரும் காடியிலயா வந்திங்க?" என்று அடுத்ததாகக் கேட்டார்.

போனையே பார்த்துக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். ஆன்ட்டிக்கு ஹிந்தி தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். ஹிந்தியில் காடி என்றால் வண்டி அல்லவா. அந்த அக்காவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவர்கள் ஊர்த் தமிழில் காருக்குப் பேர் காடி, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்கிறோம் என்றார். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. மலாய் மொழியில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்குக் 'கப்பால்'. அதெல்லாம் நம்மிடமிருந்து போனது என்று அவர் சொல்ல, பக்கத்திலிருந்த மலாய்க்காரர் தலையாட்டி ஆமோதித்தார். பூமிக்கு அங்கேயும் 'பூமி'தான் என்றதும் என் மகள் போனை உள்ளே வைத்துவிட்டாள். அந்தப் பெரியவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். 'பாக்சிக்' என்று கூப்பிடு, பெரியப்பா மாதிரி என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். பாக்சிக், தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, "வணக்கம் தங்கச்சி, சாப்டாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, பேசறது தமிழ். சப்போர்ட் மட்டும் அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

அந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "நான் பொறந்தது, எங்கப்பா பொறந்தது எல்லாம் அங்கதான் அண்ணே. அது என் நாடு. நீங்க மட்டும் இங்க தமிழ்நாட்டு டீமுக்கா கத்தப் போறிங்க?" என்றார்.

"ஹவ், அதுவும் கரெக்ட்தான்" என்று கணவர் ஒப்புக்கொண்டார். அவரும் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூடக் குடியிருந்ததில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. எனக்கு மைதானத்தைவிட இரண்டு நாட்டு ஜனங்களைப் பார்ப்பதுதான் சுவாரசியமாக இருந்தது. எதிர்ப்பக்கம் இருந்த மலேசியர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் மேளத்துக்கு ஏற்ப ஒரே மாதிரி கைதட்டி, ஒரே குரலில் பாடிக்கொண்டே இருந்தார்கள். பந்து யாரிடம் இருந்தாலும் பாட்டு நிற்கவில்லை. எங்கள் பக்கம் ஆளுக்கொரு சத்தம். ஒருவர் தெலுங்கில் "கொட்டுரா", அடிடா என்று கத்துவார், இன்னொருவர் ஹிந்தியில் திட்டுவார், பின்னாலிருந்து விசில் பறக்கும். பந்து கோல் பக்கம் போனால் எல்லோரும் எழுவோம், திரும்பினால் உட்கார்ந்து பஜ்ஜி தின்போம். தோற்றாலும் பாடுவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். தோற்கும்போதுதான் அதிகமாகப் பாடுவோம் என்றார். எங்கள் ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுகிற இடம் இதுதான் என்றும் சொன்னார். கேலரியில் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அவர் கேட்டபோது என் கணவருக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் இந்த ஹைதராபாத்திலிருந்துதான் இந்திய டீமுக்கு ஆட்கள் போனார்கள், இப்போது எல்லாம் கிரிக்கெட் என்று விளக்கம் சொன்னார். இரண்டு டீமுக்கும் செல்லப்பெயர் புலிதான், மலாயில் புலிக்கு 'ஹரிமாவ்' என்று பாக்சிக் சொன்னதை அக்கா எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

முதல் கோலை மலேசியா போட்டது. எங்கள் பக்கமே அமைதியாகிவிட, நடுவில் இந்த மூன்று பேர் மட்டும் எழுந்து குதித்தார்கள். அக்கா சட்டென்று சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்து 'மன்னிச்சுக்கோங்க' என்பது போல் கையைக் காட்டிவிட்டு, மறுபடியும் குதித்தார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இந்தியாவுக்கு கார்னர் கிடைத்தது. உயரமாக வந்த பந்தை ஒருவர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அவ்வளவுதான், கேலரி முழுக்க எழுந்துவிட்டது. என் கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். இறங்கியவர், உட்கார்ந்ததும் பேசவில்லை.

நான் முதலில் கவனிக்கவில்லை. இடைவேளை விசில் ஊதியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்காமல் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். பஜ்ஜி ஒத்துக்கொள்ளவில்லை, கேஸ் பிடித்துக்கொண்டது, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்றார். எங்கள் வீட்டில் நெஞ்சு எரிந்தாலும் கேஸ், முதுகு வலித்தாலும் கேஸ். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மகளிடம், போய் ஒரு சோடா வாங்கி வா என்று சொன்னேன்.

அக்கா கடலைப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டத் திரும்பினார். அண்ணன் ஏன் டல்லாகிவிட்டார் என்று கேட்டார். கேஸ் என்று நான் சொன்னேன். அவர் தன் நண்பர்களிடம் அதை மலாயில் சொன்னார். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. 'மாசோக் ஆங்ஙின்'. உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தமாம். பாக்சிக்கின் மனைவி உடனே கைப்பையைத் திறந்து, பச்சை நிறத் தைலக் குப்பி ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார். அவர்கள் ஊரில் காற்றுப் பிடிப்புக்கு அதைத்தான் தேய்ப்பார்களாம்.

அந்தத் தைலத்தின் வாசனை வந்ததும் அக்காவின் முகம் மாறியது. மெதுவாகத் திரும்பி என் கணவரை உற்றுப் பார்த்தார். பாக்சிக் மனைவியின் கையைப் பிடித்துத் தைலத்தைத் தள்ளினார். பிறகு எழுந்து, வரிசையைத் தாண்டி வந்து, என் கணவருக்கு எதிரில் குனிந்து நின்று அவர் நெற்றியில் புறங்கையை வைத்தார். கணவரின் ஜெர்சிக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். குளிர் தொடங்கிவிட்ட மாதம் அது.

தாடை வலிக்கிறதா என்று கேட்டார். என் கணவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, லேசாக என்றார்.

"அண்ணே, இது காத்து இல்ல. எந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"நக்கோ அக்கா, ஒண்ணும் இல்ல. செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்கப் போவுது. முடிஞ்சதும் போலாம்" என்றார் இவர். முன்பின் தெரியாத ஒருவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பி, இவ்வளவு தூரம் வந்து பாதியில் எழுந்து போவதா என்ற எண்ணம் எனக்கும் ஒரு கணம் ஓடியது.

அந்த அக்கா என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சத்தமே எழுப்பாமல், எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு. காத்து, வேற ஒண்ணும் இல்லன்னு. டிவில மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. முடிஞ்சதும் போலாம்னாரு. நானும் சரின்னு பக்கத்துல உக்காந்து இதே எண்ணெய தேய்ச்சு விட்டேன். மேட்ச் முடியல, என் கையிலயே போயிட்டாரு. அண்ணே, உங்கள கெஞ்சிக் கேட்டுக்கறேன், எந்திரிங்க."

என் கணவர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. எழப் போனார். அக்கா அவரை நடக்கவும் விடவில்லை. பாக்சிக்கிடம் மலாயில் ஏதோ சொன்னார். பாக்சிக் நல்ல கட்டுமஸ்தான ஆள். படிக்கட்டுப் பக்கம் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து இவரை அதில் உட்கார வைத்தார். அதற்குள் என் மகள் சோடாவோடு திரும்பி வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் சோடாவைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த இளைஞர்களைத் தெலுங்கில் கூப்பிட்டாள். இந்தியா ஜெர்சி போட்ட இரண்டு பேர் ஒரு பக்கமும், மலேசியா ஜெர்சி போட்ட பாக்சிக் இன்னொரு பக்கமுமாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். வழியில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது.

நான் அவர் தோளைப் பிடித்தபடி கூடவே ஓடினேன். என் வாயில் ஒரு மொழியும் வரவில்லை. பேசியதெல்லாம் என் மகள்தான். வாசல் காவலர்களிடம் ஹிந்தியில், வாலண்டியர்களிடம் தெலுங்கில், முதலுதவி அறையில் இருந்த டாக்டரிடம் இங்கிலீஷில். அப்பாவின் வயசு, சாப்பிடும் மாத்திரை, எப்போது வலி தொடங்கியது என்று ஒவ்வொன்றையும் என்னிடம் தமிழில் கேட்டு அவரிடம் சொன்னாள். அவள் என்னிடம் தமிழில் கேட்கிறாள் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, கணவர் கையில் ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். ஹார்ட் அட்டாக் ஆரம்பித்திருக்கிறது, ஆம்புலன்ஸ் தயாராக இருக்கிறது, ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம் என்றார். உள்ளே ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, மேளச் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸில் ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். மகளை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று நான் தவித்தபோது, அக்கா அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, "நீ அண்ணன் கூடப் போ. பாப்பாவ நாங்க கூட்டிட்டு வர்றோம்" என்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரை நம்பி மகளை விட்டுவிட்டு ஏறினேன்.

பின்னால் டாக்ஸியில் வந்தபோது நடந்ததை மகள் பிறகு சொன்னாள். அவள் அழுதுகொண்டே அக்காவிடம், "அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல ஆன்ட்டி?" என்று தமிழில் கேட்டிருக்கிறாள். சரியாகிவிடும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லையாம். "சீக்கிரம் கெளம்பிட்டோம் பாப்பா. அதுதான் முக்கியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கையை விடாமல் பிடித்திருந்தாராம். முன் சீட்டில் பாக்சிக் வழியெல்லாம் வாய்க்குள் பிரார்த்தனை செய்துகொண்டே வந்தாராம். அதில் 'ஷிஃபா' என்ற சொல் வந்தது, குணமாக வேண்டும் என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது என்றாள். அவளுடைய உருது பேசும் பள்ளித் தோழிகள் வீட்டில் கேட்டுப் பழகிய சொல் அது.

ஆஸ்பத்திரியில் அவரை நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். கதவு மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏசி குளிரில் நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாக்சிக்கின் மனைவி தன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "சபார், சபார்" என்றார். எனக்கு அது புரிந்துவிட்டது. எங்கள் அல்வாலில் எதிர்வீட்டு அம்மா தன் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிற உருதுச் சொல் அது. சபர், பொறுமையாக இரு. எத்தனையோ ஊர்களைச் சுற்றி இரண்டு மொழிக்குள்ளும் வந்து சேர்ந்த ஒரு சொல், அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தது.

என் கொழுந்தனாருக்குப் போன் செய்திருந்தோம். அவர் மெட்டுகுடாவிலிருந்து வந்து சேர நேரமாகும். நீங்கள் போங்கள், இவ்வளவு தூரம் வந்தது மேட்ச் பார்க்கத்தானே என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அக்கா இன்னும் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் அதே மஞ்சள் ஜெர்சியோடு என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போவோர் வருவோர் எல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "கரெக்ட் டைம்கி தீஸ்கொச்சாரம்மா" என்றார். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடைப்பை எடுத்துவிட்டதாகவும், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தன்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னேன். அவர் அதைத் தன் நண்பர்களுக்கு மலாயில் சொன்னார். பாக்சிக் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த அக்கா, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழ ஆரம்பித்தார். சத்தமில்லாத அழுகை. நான் அருகில் போகவில்லை. அது என் கணவருக்காக அழுத அழுகை அல்ல என்பது எனக்குப் புரிந்தது. பாக்சிக்கின் மனைவி போய் அவரை அணைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கண்விழித்த என் கணவர் கேட்ட முதல் கேள்வி, யார் ஜெயித்தார்கள் என்பதுதான். ஒன்றுக்கு ஒன்று, டிரா என்று மகள் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லதாகப் போயிற்று என்றார்.

அன்றைக்கே அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். விமான நிலையம் போகும் வழியில் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அக்காவைப் பார்த்ததும் என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டு, இனிமேல் வலித்தால் வலி என்று சொல்லுங்கள், வேறு பேர் வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பிறகு நானும் அவரும் கேன்டீனில் டீ குடித்தோம். அவருடைய கணவர் மலேசியா எங்கே ஆடினாலும் போய்ப் பார்க்கிறவராம். பாக்சிக் அவருடைய சினேகிதர், எல்லா ஊருக்கும் சேர்ந்து போனவர்கள். கணவர் போன பிறகு வீட்டில் டிவியில்கூட மேட்ச் வைக்க விடமாட்டாராம் அக்கா. பாக்சிக்கும் அவர் மனைவியும் எவ்வளவோ சொல்லி, இந்தியா என்பதால் சம்மதித்துக் கிளம்பியிருக்கிறார். தாத்தா பிறந்த நாட்டையும் ஒரு தடவை பார்த்தது போலாகும் என்று நினைத்தாராம். கணவர் இறந்த பிறகு அவர் பார்த்த முதல் மேட்ச் அதுதான்.

எண்ணெய் தேய்த்துவிட்டதைப் பற்றி இதற்கு முன்பு யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்றார். பாக்சிக்குக்கூட அது தெரியாதாம். எனக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. எங்களிடம் மட்டும் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவர் டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "நீங்க வேற மொழிக்காரங்களா இருந்தா, 'ஹாஸ்பிட்டல் போங்க'ன்னு இங்கிலீஷ்ல சொல்லியிருப்பேன். அண்ணன் வேணாம்னதும் விட்டிருப்பேன். அவரு போனது இங்கிலீஷ்ல சொல்ற விஷயம் இல்ல லா. தமிழ்ல கேக்கறதுக்கு ஆள் இருந்திங்க. வந்திடுச்சு."

அவர்கள் கிளம்பிப் போனார்கள். என் மகள் அவருடைய நம்பரை வாங்கி வைத்திருந்தாள். முதலில் நலம் விசாரித்து மெசேஜ்கள், பிறகு குரல் பதிவுகள். அந்த அக்கா சளைக்காமல் பேசி அனுப்புவார், இவளும் பதிலுக்குப் பேசுவாள். கோவில்பட்டித் தமிழும் மெட்டுகுடாத் தமிழும் ஒட்டாத என் மகளுக்கு இப்போது கிள்ளான் தமிழ் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. என் கணவர் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். எண்ணெய்ப் பலகாரம் குறைந்துவிட்டது, கால்பந்துப் பைத்தியம் மட்டும் குறையவில்லை. அக்காவும் மறுபடி மேட்ச் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். மலேசியா ஆடும் நாளில் எங்கள் வீட்டிலும் டிவி ஓடும். இந்தியாவும் அவர்களும் மறுபடி மோதினால் நாங்கள் எங்கள் டீமுக்குத்தான் கத்துவோம். அவரும் அவருடைய டீமுக்குத்தான் கத்துவார். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

தமிழ் என்றால் எங்கள் வீட்டுக்குள் பேசுகிற பாஷை, அது மகளோடு நின்றுபோய்விடுமோ என்ற கவலைதான் எனக்கு அதுவரை இருந்தது. அன்றைக்கு இன்னொரு நாட்டின் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், தன் வாழ்க்கையிலேயே அதிகமாக வலித்த இடத்தை எங்களுக்குப் புரிகிற சொற்களில் திறந்து காட்டினார். அதனால்தான் இன்றைக்கும் மாலையில் எங்கள் வாசலில் என் கணவரின் பைக் வந்து நிற்கிறது. அந்தச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு நாளும், நான் முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் ஒரு நிமிடம் அந்த அக்காவை நினைத்துக்கொள்கிறேன்.